மலையடிவாரத்தில் ஓர் இரவு
பனியன் நகரத்துக் குடும்பங்களுக்கு ஒரு பயணக் கட்டுரை



திருப்பூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் சொந்தம். திங்கள் முதல் சனி வரை வீட்டுத் தலைவர் கட்டிங் மேசையிலோ செக்கிங்கிலோ நிற்கிறார். மூத்த மகன் நிட்டிங்கில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் உறங்கப் போகிறான். ஏற்றுமதிச் சரக்கு கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று பன்னிரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும். ஒரே வீட்டில் வாழும் அத்தாவும் மக்களும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டுமே என்னும் நிலை நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஞாயிறும் துணி துவைப்பதிலும், ரேஷன் வாங்குவதிலும், உறவினர் வீட்டு நிக்காஹ்விலும் கழிந்துவிடுகிறது.

இத்தகைய வாழ்வில் குடும்பத்துடன் ஒரு பகல், ஓர் இரவு வெளியூரில் தங்கி வருவது ஆடம்பரமா, அவசியமா? இக்கேள்வியை நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் சிலரும் என்னிடம் கேட்டதுண்டு. விடையை முதலிலேயே கூறிவிடாமல், சென்று வந்ததைச் சொல்கிறேன். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கே சென்றோம்?

2025ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பள்ளிக்கூட விடுமுறையில், என் குடும்பமும் என் தங்கையின் குடும்பமுமாகப் பதினொரு பேர் மேட்டுப்பாளையம் சென்றோம். அங்கே ஊட்டி சாலையில், ஓடந்துறைப் பகுதியில், நீலகிரி மலையின் காலடியில் அமைந்திருக்கிறது ‘பிளாக் தண்டர்’ என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா. தொண்ணூறுகளில் தோன்றிய பூங்கா இது. பரப்பளவு ஏறத்தாழ 75 ஏக்கர். வளாகத்திற்குள்ளேயே குடும்பத்துடன் தங்குவதற்கு விடுதியும் உண்டு. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாகப் பழனிக்கும் ஊட்டிக்கும் போகும் பேருந்துச் சுற்றுலாவையே அறிந்திருந்தனர். இந்தப் பூங்கா வந்த பின்னர், பள்ளிச் சுற்றுலா என்றாலே அவர்கள் முதலில் சொல்லும் பெயர் இதுவாகிவிட்டது.

விளையாட்டுப் பூங்காவுக்குள்ளேயே குடும்பத்தைத் தங்க வைக்கும் வழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி தம் முதல் பூங்காவைத் திறந்தார். அவர் மறைந்த பின், 1971ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபுளோரிடாவில் அதனினும் பெரிய பூங்கா எழுந்தது. அடுத்த மாதமே, அதையொட்டிய பைன் மரக் காட்டுக்குள் ‘ஃபோர்ட் வில்டர்னஸ்’ என்னும் கூடார முகாம் திறக்கப்பட்டது. மக்கள் கூடாரத்தோடும், காரின் பின்னே இழுத்து வரும் வண்டி வீட்டோடும் அங்கே வந்து தங்கினர். அவை இல்லாதவர்களுக்காகச் சிறு குடில்களும் வந்தன. அக்குடிலில் அடுக்குக் கட்டில் உண்டு. அடுப்பும் பாத்திரமும் கொண்ட சமையலறையும் உண்டு. இந்தச் சமையலறையைச் சற்று நினைவில் வையுங்கள். பின்னர் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் பரவி வருகிறது. 2000ஆம் ஆண்டில் கொச்சி அருகே ‘வீகாலேண்ட்’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2005இல் பெங்களூரை அடுத்த பிடதியில் ‘வொண்டர்லா’வைத் திறந்தது, பின்னர் அங்கேயே தங்கும் விடுதியும் கட்டியது. 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகிலும் அதன் பூங்கா வந்துவிட்டது. நமக்கு அவையெல்லாம் தொலைவு. மேட்டுப்பாளையமோ அவினாசி, அன்னூர் வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் பிரயாணத் தூரம் நாற்பத்தெட்டு மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர். ஆகவே நான்கு ரக்அத்துத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை இப்பயணத்தில் இல்லை. முழுமையாகவே தொழ வேண்டும். ‘பயணம்தானே’ என்று பலர் கவனமின்றிச் சுருக்கிவிடுகின்றனர்.

பருத்தி நகரத்துக்குப் பருத்தி தடை

நீர்ப் பூங்காக்களில் முதலில் நம்மை வியக்க வைப்பது உடை விதிதான். பருத்தி ஆடையுடன் குளத்தில் இறங்கக் கூடாது. நைலான் முதலிய செயற்கை இழை ஆடையே வேண்டும் என்பார்கள். உலகத்துக்கெல்லாம் பருத்திப் பனியன் தைத்து அனுப்பும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஓவர்லாக் டைலரான என் மைத்துனர், “நம்ம சரக்குக்கே இங்க தடையா மாமா?” என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் காரணம் நியாயமானது. பருத்தித் துணி நீரில் பஞ்சுத் துகளை உதிர்க்கும். குளத்து நீரைத் தூய்மை செய்யும் மணல் வடிகட்டியில் அது சென்று அடைத்துக்கொள்ளும். மேலும் பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். குழந்தைகளும் நீந்தத் தெரியாதவர்களும் அந்தப் பாரத்தோடு நீரில் நிற்பது ஆபத்து. பிசிறு வெட்டும் வேலையில் மூக்கிலும் இமையிலும் பஞ்சு படிந்த அனுபவம் உடைய என் தங்கைக்கு இக்காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் நம் பெண்களுக்கு இவ்விதி வேறொரு சங்கடத்தைத் தருகிறது. வெளி மாநிலப் பூங்கா ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், உடல் முழுதும் மறைக்கும் நைலான் நீச்சலுடையை அணிந்து சென்ற என் உறவுப் பெண்ணைக் காவலர் தடுத்து நிறுத்திவிட்டார். விதியைக் காட்டுமாறு கேட்டபோது எழுத்தில் எதுவும் இல்லை. அவள் பகல் முழுவதும் பைகளுக்குக் காவலாகக் கரையில் அமர்ந்திருந்து திரும்பினாள். துணியின் இழை பற்றிய விதி வேறு. உடலை எவ்வளவு மறைக்கலாம் என்னும் எண்ணம் வேறு. முன்னது நீரைக் காக்கிறது. பின்னதற்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை. எந்தப் பூங்காவுக்குச் சென்றாலும், முழு நீள நைலான் உடைக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள். இத்தகைய உடையை ஆஸ்திரேலியாவில் வாழும் அஹிதா ஸனெட்டி என்னும் முஸ்லிம் பெண்மணி இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வடிவமைத்துப் புகழ்பெறச் செய்தார். செயற்கை இழைப் பின்னலாடைகளிலும் திருப்பூர் கால் பதித்து வரும் இந்நாளில், இத்தகைய உடையை நம் ஊர்ச் சகோதரிகளே தைத்து விற்கலாமே என்பது என் ஆசை.

அலை எப்படி எழுகிறது?

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அலைக்குளம். கடலை ஒருமுறைகூடக் காணாத என் இளைய மகள், முதல் அலை வந்து முழங்காலைத் தொட்டதும் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். பத்தாவது அலையில் கையை விட்டுவிட்டாள். இவ்வகைக் குளங்களில் ஆழமான முனையின் சுவருக்குப் பின்னால் மூடிய அறைகள் இருக்கும். விசை கொண்ட காற்றாடிகள் அவ்வறைக்குள் காற்றை அழுத்தும்போது உள்ளிருக்கும் நீர் கீழே தள்ளப்பட்டு வெளியே அலையாகப் புறப்படுகிறது. காற்றை விடுவித்தால் நீர் மீண்டும் உள்ளே ஏறுகிறது. இப்படி மாறி மாறி அழுத்தியும் விடுத்தும் அலையை உண்டாக்குகின்றனர். சறுக்குகளிலோ, கீழே உள்ள தொட்டி நீரைப் பம்பு உச்சிக்கு ஏற்றுகிறது. அது சரிந்து வந்து அதே தொட்டியில் விழுகிறது. வடிகட்டி, குளோரின் கலந்து, அதே நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றனர்.

இதை விளக்கிக்கொண்டிருக்கையில் என் மூத்த மகன் கேட்டான்: “அத்தா, இந்தத் தண்ணி மொதல்ல எங்கிருந்து வந்துச்சு?” அக்கேள்விக்கு மறுநாள் காலை விடை சொல்வதாகக் கூறி வைத்தேன்.

இரவு

ஒரே நாளில் சென்று திரும்பும் சுற்றுலாவை நம் வீட்டுப் பெண்களின் பக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பிரியாணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். தூக்குவாளியும் ஃபிளாஸ்கும் கட்ட வேண்டும். பகலெல்லாம் ஈரத் துணிக்கும் செருப்புக்கும் காவல் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, அனைவரும் உறங்கிய பின் ஈரத் துணியைத் துவைத்துப் போட வேண்டும். விடிந்தால் திங்கட்கிழமை. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது விடுமுறை. அம்மாவுக்கோ இடம் மாறிய வேலை நாள். நான் முன்னர் சொன்ன அமெரிக்கக் குடிலில் சமையலறை இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஓய்வு தேடிப் போன குடும்பத்தின் பின்னாலேயே அடுப்பும் போய்விட்டது!

அதனால்தான் ஓர் இரவு தங்குவதென்று நாங்கள் முடிவு செய்தோம். குடும்ப அறைகள் இரண்டு எடுத்தோம். ஒன்றில் பெண்களும் சிறு பிள்ளைகளும், மற்றொன்றில் ஆண்கள். கட்டில் போதாத இடத்தில், வீட்டிலிருந்து கொண்டு சென்ற பவானி ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டோம். அஸர், மஃரிப், இஷா மூன்றையும் அந்த ஜமுக்காளத்தின் மீதே ஜமாஅத்தாகத் தொழுதோம். என் மகன் இகாமத் சொன்னான். இரவு ஷிப்டினால் பல மாதங்களாக இஷாவை வீட்டாரோடு தொழுதறியாத என் தங்கை மகன், தன் அத்தாவுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் சேர்ந்து நின்றான். அல்ஹம்துலில்லாஹ்.

உணவை வெளியிலிருந்து வரவழைத்தோம். உண்டு முடித்ததும் என் தங்கை பழக்கத்தின் காரணமாகத் தட்டுகளை எடுத்துக் கழுவ எழுந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆண்பிள்ளைகள் எழுந்து தட்டுகளை எடுத்தனர். சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் தங்கை சொன்னாள்: “மச்சி, கல்யாணமாகிப் பதினேழு வருஷமாச்சு. நாளைக்குக் காலையில என்ன சமைக்கிறதுன்னு நெனைக்காம படுக்கிற மொத ராத்திரி இதுதான்.”

என் மைத்துனர் அதைக் கேட்டுத் தலை குனிந்தார். நல்ல மனிதர் அவர், பொறுப்பற்றவர் அல்லர். ஆனால் வீட்டில் பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுவதும் சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் ஆகிய மூன்று ஷிப்டுகளைத் தம் மனைவி பார்க்கிறாள் என்பதை அந்த ஒரு வாக்கியம் அவருக்கு எடுத்துக் காட்டியது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் பெண்கள் இருவரும் மீண்டும் உறங்கினர். காலை எட்டு மணி வரை யாரும் அவர்களை எழுப்பவில்லை. சிறு பிள்ளைகளை எழுப்பி, முகம் கழுவி, தலை சீவி விட்டவர் என் மைத்துனர்தான்! சீவிய விதம் எப்படியிருந்தது என்பதை விட்டுவிடுவோம்.

ஓர் எச்சரிக்கை: இரவில் வளாகத்தை விட்டு வெளியே உலவக் கூடாது. மேட்டுப்பாளையத்துக்கும் மலைச் சாலைக்கும் இடைப்பட்ட கல்லாறு பகுதி யானைகளின் வழித்தடம். உணவுக்கும் நீருக்கும் அவை தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை அது. நாம்தான் அங்கே விருந்தாளிகள்.

காலையில் ஆற்றுப் பாலத்தில்

மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு, மகனுக்கு வாக்களித்தபடி, ஊட்டி சாலையில் பவானி ஆற்றைக் கடக்கும் பாலத்தருகே நின்றோம். “உன் கேள்விக்கு விடை இதோ ஓடுகிறது” என்றேன். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள எந்த ஊரிலும், குளம் நிரப்பினாலும் குடம் நிரப்பினாலும், அந்நீர் இம்மலையும் இவ்வாறும் தந்ததுதான்.

நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் சென்று அட்டப்பாடியைச் சுற்றி மீண்டும் தமிழகத்துக்கு வருகிறது. பில்லூர் அணையைக் கடந்து மேட்டுப்பாளையத்தில் சமவெளியைத் தொடுகிறது. பின் பவானிசாகர் அணையில் தங்கி, பவானி நகரில் காவிரியோடு கலக்கிறது. வாசகர்களே, திருப்பூரில் நம் வீட்டுக் குழாயில் வருவதிலும் இந்த ஆற்றின் நீர் உண்டு! திருப்பூரின் முதல் இரு குடிநீர்த் திட்டங்களும் மேட்டுப்பாளையத்துப் பவானியிலிருந்தே நீர் எடுத்தன. 2005–06இல் செயலுக்கு வந்த மூன்றாம் திட்டம், பவானி நகருக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறனுடன் அமைக்கப்பட்டது. ஊருக்கும் சாயப்பட்டறைகளுக்கும் சேர்த்தே அந்நீர் வருகிறது. 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தினால், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரே செல்கிறது.

நம் ஊருக்கென்று ஓர் ஆறு இல்லாமலா போயிற்று? நொய்யல் இருக்கிறதே! அந்த ஆற்றைச் சாயத்தினால் நாமே நிறம் மாற்றினோம். 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. விளைநிலங்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்போது வேலையிழந்து சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் என் மதரஸா வகுப்பிலிருந்தும் நீங்கினர். அந்தக் காலி இருக்கைகளை நான் மறக்கவில்லை. கழிவு நீரைத் துளியும் வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கின. பூங்காவில் நாம் கண்ட வடிகட்டியின் பெரிய அண்ணன்தான் அது.

இவற்றையெல்லாம் பாலத்தருகே நின்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். முந்திய நாள் முழுவதும் நீரில் குதித்தவர்கள் மௌனமாகக் கேட்டனர். ஓடும் ஆற்றின் கரையிலிருந்து உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று நம் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதைப் பாடத்தில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆற்றைக் காட்டி அதைச் சொன்னது அன்றுதான் முதல் முறை. ஊர் திரும்பிய பின் என் இளைய மகள் குழாயைத் திறந்து விட்டு உளூச் செய்வதில்லை, குவளையில் எடுத்துக்கொள்கிறாள். வகுப்பறைப் பாடத்தால் ஆகாதது அங்கே ஆயிற்று.

ஓடந்துறைப் பஞ்சாயத்தைப் பற்றியும் ஒரு சொல். 2006ஆம் ஆண்டில் அச்சிற்றூராட்சி வங்கிக் கடன் பெற்று, 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கே விற்றது. அக்காற்றாலை சுழல்வது நம் மாவட்டத்து உடுமலைப் பக்கத்தில்! அவர்கள் நீரை நமக்குத் தருகிறார்கள். நம் காற்று அவர்களுக்கு ஒளி தருகிறது.

செல்வோர் கவனத்திற்கு

இயன்றால் ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை நாள்களையும் தவிருங்கள்; கூட்டம் குறைவாக இருந்தால் பெண்களும் தயக்கமின்றி நீரில் இறங்குவர். கட்டணம், அறை வாடகை, உடை விதி மூன்றையும் முன்பே கேட்டறியுங்கள். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உயரச் சறுக்குகளில் ஏறலாகாது. நகரில் பள்ளிவாசல்களும் நம்மவர் உணவகங்களும் உள்ளன. மறுநாள் மலையேற விரும்பினால், 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கிய மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்தே புறப்படுகிறது, முன்பதிவு அவசியம். சொந்த வாகனத்தில் நீலகிரிக்குள் செல்வோர் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விதியைக் கேட்டறிந்து செல்க.

வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டாம். பூங்கா இன்றேல் திருமூர்த்தி மலை அடிவாரம்; அதுவும் இயலாதெனில் அமராவதி அணைக்கட்டு. இடம் எதுவாயினும், இரண்டு நிபந்தனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, வீட்டுப் பெண்களுக்கு அன்று அடுப்பு இருக்கக் கூடாது. இரண்டு, பிள்ளைகளுக்கு அந்நீர் வந்த வழியைக் காட்ட வேண்டும்.

செலவைக் கணக்கிட்டேன். எங்கள் பதினொரு பேருக்கும் ஆனது, நாங்கள் ஆறு மாதமாக ஒரு டப்பாவில் சேர்த்த தொகை. கடன் வாங்கவில்லை. வட்டிக்கு வாங்கிச் செல்லும் சுற்றுலாவில் பரக்கத் இல்லை. சேர்த்துச் செல்லுங்கள், தங்கி வாருங்கள். உங்கள் வீட்டுச் சகோதரி எட்டு மணி வரை உறங்கும் ஒரு காலையை அவளுக்கு அளியுங்கள். அது ஆடம்பரமன்று, அவளுக்கு நாம் நெடுநாளாகத் தர வேண்டிய பாக்கி.